வலத்து மாடு

மகள் தானே பாகம் பாகமாகப் பூட்டிய கம்ப்யூட்டர் மறுபடியும் பாதியில் நின்றது. "ரெண்டு ரேம் அட்டைல இதுதான்ப்பா சண்டி. தூக்கிப் போட்ரணும்" என்றாள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். இன்று காரைக்குடியில் எனக்கு ஆறு லாரி. அன்று என்னைப் பெற்ற ஐயாவிடம் இருந்தது ஒரே மாட்டுவண்டி. காளையார்கோவில் சாலையில் வலத்து மாடு கருப்பன் பாரத்தோடு படுத்துக்கொள்வான். "சண்டி மாடு" என்று ஐயா சந்தையில் விற்றுவிட்டார். அழுதேன். அவன் இடத்தில் பூட்டிய புது மாடும் படுத்தது. பிறகுதான் ஐயா நுகத்தடியைத் தடவினார். வலப்பக்கம் விரிசல், பாரம் ஏறினால் கழுத்துத் தோலைக் கவ்வியிருக்கிறது.

"தூக்கிப் போட்ராத தாயி."

"ரேமுக்குப் போயி கலங்குறீகளே" என்று சிரித்தவள், மற்றதைக் கழற்றிவிட்டு அதை மட்டும் பக்கத்து இடத்தில் சொருகினாள். நிற்காமல் ஓடியது. "ரேம் நல்லாருக்குப்பா. சொருகுன எடந்தான் கோளாறு."

கருப்பனை விற்ற அந்தச் சந்தைக்கு மட்டும் என் லாரி எதுவும் போவதில்லை.