குவைத்தில் கிரிவலம் வந்த அம்மா

நம் உறவில் அம்மாவைப் பெயர் சொல்லிக் கேட்டால் சிலர் யோசிப்பார்கள். "குவைத்துக்காரம்மா" என்றால் கீழ்பென்னாத்தூர் பேருந்து நிலையத்திலேயே வழி சொல்லிவிடுவார்கள். அம்மாவுக்கு அந்தப் பெயர் பிடிக்கும். யாராவது அப்படிக் கூப்பிட்டால் முந்தானையைச் சரிசெய்துகொண்டுதான் திரும்பிப் பார்ப்பார்.

அம்மா நம்மை விட்டுப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. இன்று எங்கள் வீட்டுக்கு வந்து, இலையில் உட்கார்ந்து, இந்த நினைவு மலரையும் கையில் வாங்கியிருக்கிற உங்கள் ஒவ்வொருவருக்கும் அம்மாவைப் பற்றி ஏதோ ஒன்று தெரியும். எனக்குத் தெரிந்ததை நான் எழுதுகிறேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய் முழுதாகப் படித்த முதல் ஆள் நான் என்பதால் இந்த வேலை என்னிடம் வந்தது. அதில் எனக்குப் பெருமை உண்டு. அந்தப் பெருமை யாரால் வந்தது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

கீழ்பென்னாத்தூருக்குப் பக்கத்தில், நெல்லும், மல்லாட்டை என்று நாம் சொல்லும் நிலக்கடலையும் விளையும் ஒரு சிற்றூரில், விவசாயக் குடும்பத்தின் மூத்த மகளாக அம்மா பிறந்தார். தனக்குப் பின் பிறந்தவர்களை இடுப்பில் தூக்கிச் சுமந்ததில் பள்ளிக்கூடத்தின் வாசலை மிதிக்கவில்லை. கல்யாணமாகி, கிரிவலப் பாதையில் இருக்கும் அடி அண்ணாமலைக்கு வந்த பிறகு, செங்கம் சாலையில் வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் ஒரு விடுதியில் சமையல் வேலைக்குப் போனார். காரம் கம்மியாகச் சமைக்கவும், பாஷை தெரியாதவர்களிடம் கையைக் காட்டிப் பேசவும், புது முகங்களைக் கண்டு கூச்சப்படாமல் இருக்கவும் அங்கேதான் கற்றுக்கொண்டார்.

அப்பாவுக்கு, விளைச்சல் ஏலம் போகும் கமிட்டியில் மூட்டை தூக்கும் வேலை. ஒருநாள் மல்லாட்டை மூட்டையோடு சறுக்கி விழுந்து முதுகு பிசகியது. மருத்துவர் இனி பாரம் தூக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். அப்போது நான் ஏழாம் வகுப்பு, தம்பி பால்வாடிக்குப் போய்க்கொண்டிருந்தான். செங்கம் பக்கத்திலிருந்து ஏற்கெனவே குவைத்துக்குப் போயிருந்த ஒரு அக்கா, தான் வேலை செய்யும் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு குடும்பம் ஆள் தேடுவதாகச் சொன்னார். அம்மா இரண்டு நாள் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டு, தன் பெயரை எழுதக் கற்றுத்தரச் சொன்னார். பாஸ்போர்ட்டில் கைநாட்டு வைக்க மாட்டேன் என்றார். பலகையில் எழுதிக் காட்டினேன். கடைசி எழுத்து மட்டும் எப்போதும் கீழே இறங்கிவிடும். அப்படித்தான் இன்றும் அந்தப் பாஸ்போர்ட்டில் இருக்கிறது.

அம்மா போன பிறகு வீட்டை அப்பா பார்த்துக்கொண்டார். சோறு வடித்தார், தம்பியைக் குளிப்பாட்டினார், எனக்குத் தலை பின்னினார். ஊர் இதைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்கவில்லை. எங்கள் பெரியப்பா ஒருநாள் காலையில் வந்து, அப்பா என் தலையில் சீப்போடு போராடிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு நின்றார்.

"பொண்டாட்டி அரபு நாட்ல, நீ இங்க பொண்ணுக்குத் தலை பின்னிக்கினு இருக்கற. நல்லா இருக்குதுடா."

அப்பா தலை நிமிரவில்லை. "வந்தது வந்துட்ட, பின்னல் கோணலா இருக்குதான்னு பாத்துச் சொல்லிட்டுப் போண்ணா" என்றார்.

பெரியப்பா இதைப் படித்தால் கோபித்துக்கொள்ள மாட்டார். அவரே இந்தக் கதையை எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பவர்.

குவைத்தில் அம்மா வேலை செய்த வீட்டின் அம்மையார் ஒரு பெண்கள் பள்ளியில் ஆசிரியை. அங்கே வீட்டுக்காரம்மாவை 'மாமா' என்றுதான் கூப்பிட வேண்டுமாம். அம்மா முதல்முறை தொலைபேசியில் "மாமா நல்லவங்க, தலைவலிக்கு மாத்திரை குடுத்தாங்க" என்று சொன்னபோது, சாலையோர எஸ்.டி.டி. பூத்தில் அப்பா முகம் போன போக்கை நான் மறக்கவே மாட்டேன்.

பாலைவனத்தில் குளிர்காலம் உண்டு என்று யாரும் அம்மாவுக்குச் சொல்லி அனுப்பவில்லை. முதல் மார்கழியில் இரண்டு புடவைகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றிக்கொண்டு பாத்திரம் கழுவியிருக்கிறார். மணல் காற்று அடித்தால் மறுநாள் முழுக்க வீட்டைத் துடைப்பதே வேலை. அந்த வீட்டுக் குழந்தை அம்மாவின் கையில்தான் வளர்ந்தது. அது 'போதும்' என்ற சொல்லை நம் பாஷையில் கற்றுக்கொண்டு, சாப்பாட்டு நேரத்தில் தன் தாயிடமே சொல்லுமாம். அந்த வீட்டில் வண்டி ஓட்டியவர் கடப்பாவைச் சேர்ந்த காதர் அண்ணன். அம்மாவுக்குப் பிறந்த ஊரில் பழகிய தெலுங்கு கொஞ்சம் வரும். அவருக்கு அரபி நன்றாக வரும். அந்தப் பாலத்தில்தான் அம்மாவின் முதல் வருடங்கள் நடந்தன.

இனி, அம்மா சிரிப்புக் கதையாகவே சொல்லிவந்த ஒரு விஷயம். உங்களில் பலர் இதைக் கேட்டிருப்பீர்கள். ஆனால் அது நடந்தபோது சிரிப்பாக இல்லை.

பௌர்ணமி என்றால் நமக்குக் கால் வீட்டில் நிற்காது. அம்மாவுக்குக் குவைத்திலும் நிற்கவில்லை. நிலா கிளம்பும் நேரத்தில், குப்பையைக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வரும்போது செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, அந்த வீட்டையே வலமாகச் சுற்றி வருவார். நம் ஊரில் மலை எப்படி வலக்கைப் பக்கம் இருக்குமோ, அப்படி அந்த வீட்டுச் சுவர் வலக்கைப் பக்கம். உதடு மட்டும் அசையும். மூன்று வருடம் இது யார் கண்ணிலும் படவில்லை.

நான் பத்தாம் வகுப்பு படித்த வருடம், தேர்வு நெருங்கிய மாதம், அந்தக் குழந்தைக்குக் காய்ச்சல் வந்து இறங்காமல் இருந்தது. பார்க்க வந்திருந்த வீட்டுக்காரம்மாவின் அக்கா, மாலையில் ஜன்னல் வழியே பார்த்திருக்கிறார். வேலைக்காரி வெறுங்காலோடு, ஏதோ முணுமுணுத்தபடி, வீட்டைச் சுற்றிச் சுற்றி வருகிறாள். இவள் வீட்டுக்கு ஏதோ வைக்கிறாள், அதனால்தான் குழந்தை படுத்துவிட்டது என்று அவர் சொல்லிவிட்டார். அந்த ஊரில் சூனியம் என்ற பேச்சு விளையாட்டுப் பேச்சு இல்லை. அன்றிரவே குழந்தையை அம்மாவிடமிருந்து வாங்கிக்கொண்டார்கள். சமையலறைக்குள் வேறு ஒருவர் வந்து நின்றார். ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று காதர் அண்ணன் சொன்னார். அதோடு நின்றால் அதிர்ஷ்டம் என்றும் சொன்னார்.

இங்கே ஊரில் அதே நேரத்தில் இன்னொன்று நடந்துகொண்டிருந்தது. பெரியப்பா எனக்கு ஒரு மாப்பிள்ளை பார்த்திருந்தார். கீழ்பென்னாத்தூரில் சொந்தக் கடை, நல்ல குடும்பம். பத்தாவது முடிந்ததும் வைகாசியில் வைத்துக்கொள்ளலாம் என்பது அவர் யோசனை. எனக்கோ பாலிடெக்னிக்கில் சேர்ந்து கட்டடம் கட்டும் படிப்பு படிக்க ஆசை. அம்மாவிடம் கேட்காமல் ஒன்றும் சொல்ல முடியாது என்று அப்பா இழுத்துக்கொண்டிருந்தார். அம்மாவின் சம்பளம் இருக்கும் வரைதான் அப்பாவால் இழுக்க முடியும். அம்மா திரும்பி வந்துவிட்டால் பாலிடெக்னிக் விடுதிக்கும் படிப்புக்கும் வழி இல்லை, வைகாசிக் கல்யாணம்தான். இது அம்மாவுக்கும் அப்பாவுக்கும் எனக்கும் தெரியும்.

பூத்திலிருந்து ஆள் வந்து கூப்பிட்டார். அப்பாவும் நானும் ஓடினோம். அம்மா நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னார்.

"நான் வந்துட்டாலும் வந்துடுவேன். பொண்ணு பரீட்சைய மட்டும் விட்றக் கூடாது. அவகிட்ட இதச் சொல்லாதீங்க."

நான் அப்பாவின் தோளை ஒட்டி நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். "சரி, அவகிட்ட சொல்லல" என்றார் அப்பா.

மறுநாள் வீட்டுக்காரம்மா அம்மாவையும் காதர் அண்ணனையும் கூடத்துக்குக் கூப்பிட்டார். போகும் வழியிலேயே காதர் அண்ணன் ஒரு யோசனை சொல்லியிருக்கிறார். கால் மரத்துப்போகிறது, மருத்துவர் நடக்கச் சொன்னார் என்று சொல்லிவிடு, மற்றதை நான் அரபியில் சரிசெய்கிறேன் என்று. நல்ல மனசோடு சொன்ன பொய். அம்மா ஒப்புக்கொள்ளவில்லை.

"பொய் சொல்லி இந்தப் பௌர்ணமிக்குத் தப்பிச்சிக்கலாம்ணா. அடுத்த பௌர்ணமி வந்துடுமே, அப்ப இன்னா பண்றது?"

வீட்டுக்காரம்மா கேட்டார், என் வீட்டைச் சுற்றி என்ன ஓதுகிறாய் என்று. அம்மா தனக்குத் தெரிந்த அரபியில் ஆரம்பித்து, அது தீர்ந்ததும் தெலுங்குக்கு மாறியிருக்கிறார். எங்கள் ஊரில் ஒரு மலை இருக்கிறது, அதுதான் எங்களுக்குச் சாமி, நிலா முழுசாக இருக்கும் நாளில் அதைச் சுற்றி வருவோம், ஊரே சுற்றும் என்றார். இங்கே மலை இல்லையே, என் வீட்டை ஏன் சுற்றினாய் என்று அடுத்த கேள்வி. அதற்கு அம்மா சொன்ன பதிலை அம்மா பிறகு எங்களிடம் சொன்ன வார்த்தையிலேயே தருகிறேன்.

"சுத்தறதுக்கு எனக்கு வேற எது இருக்குது மாமா? இந்த வீட்லதான எம் பசங்க சோறு இருக்குது."

உதடு அசைந்ததே, அது என்ன மந்திரம் என்று கேட்டார். மந்திரம் எனக்குத் தெரியாது, பொண்ணு படிக்கணும், புள்ள படிக்கணும், அவ்வளவுதான் சொல்லிக்கொண்டு நடப்பேன் என்றார் அம்மா. காதர் அண்ணன் இதை அரபியில் சொல்லி முடித்தார். பிறகு அந்த ஆசிரியை, பெண் எந்த வகுப்பு என்று கேட்டார். பத்தாவது. எந்தப் பாடம் நன்றாக வரும்? கணக்கு. அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. குழந்தைக்குப் பால் நேரமாகிவிட்டது, போய்க் கலக்கிக் கொண்டுவா என்றார். அம்மா சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதிருக்கிறார். அதன் பிறகுதான் பால் கலக்கினார்.

இரண்டு நாளில் குழந்தைக்குக் காய்ச்சல் விட்டது. ஒரு நிபந்தனை மட்டும் வந்தது. அக்கா கண்ணில் பட்டால் மறுபடி பேச்சு வரும், அதனால் வீட்டைச் சுற்ற வேண்டாம், மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது, அதைச் சுற்றிக்கொள் என்று. நம் ஊர்க்காரர்கள் யாராவது மலைக்குப் பதில் தொட்டியா என்று கேலி செய்தால், "அதுவும் உச்சியிலதான இருக்குது" என்பார் அம்மா. சுற்றி நடப்பது அவர்களுக்கும் புதிதில்லை, அவர்கள் தங்கள் புனிதத் தலத்தை இடப்பக்கம் வைத்துச் சுற்றுவார்கள் என்று காதர் அண்ணன் பிறகு சொன்னாராம். இத்தனை தூரம் வந்து இதைத் தெரிந்துகொண்டோமே என்று அம்மாவுக்கு அதில் ஒரு சந்தோஷம்.

நான் தேர்வு எழுதினேன். பெரியப்பா பார்த்த மாப்பிள்ளைக்கு வேறு இடத்தில் நல்லபடியாகக் கல்யாணம் நடந்தது, நாங்களும் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தோம். நான் பாலிடெக்னிக்கில் சேர்ந்தேன். ஒவ்வொரு தேர்வு முடிவையும் குவைத்து வீட்டுக்காரம்மா கேட்டுத் தெரிந்துகொள்வாராம். ஒருமுறை மதிப்பெண் குறைந்தபோது, அம்மாவைவிட அவர்தான் அதிகமாகத் திட்டினார் என்று காதர் அண்ணன் பூத்துக்கே போன் செய்து எனக்குச் சொன்னார்.

நான் வேலைக்குச் சேர்ந்த மறுவருடம் அம்மா ஊருக்கே திரும்பி வந்துவிட்டார். சும்மா இருக்கத் தெரியாத ஆள். கிரிவலப் பாதையில் அப்பாவோடு ஒரு இட்லிக்கடை போட்டார். வெளிநாட்டுக்காரர்களுக்காக, குவைத்தில் கற்றுக்கொண்ட பால் இல்லாத புதினா டீயும் உண்டு. பௌர்ணமி அன்று கூட்டம் ஜாஸ்தி, அடுப்பை விட்டு நகர முடியாது. அதனால் மலையடியிலேயே குடியிருந்த அம்மா, மலையைச் சுற்றியது கூட்டமில்லாத சாதாரண நாட்களில்தான்.

போன வருடம் நெஞ்சு வலி என்று மருத்துவமனையில் சேர்த்தோம். அதிக நாள் படுக்கவில்லை. தம்பியிடம் கல்லூரிக்கு ஏன் லீவு போட்டாய் என்று கோபித்துக்கொண்டதுதான் நாங்கள் கேட்ட கடைசி நீளமான பேச்சு.

அந்த நாட்களில் இரத்தம் கொடுத்த எங்கள் தெருப் பிள்ளைகளுக்கும், இரவு பகல் பாராமல் கவனித்த செவிலியர்களுக்கும், கடை அடைத்துவிட்டு வந்து நின்ற கிரிவலப் பாதைக் கடைக்காரர்களுக்கும், எல்லாக் காரியங்களையும் முன்னின்று நடத்திய பெரியப்பாவுக்கும் எங்கள் வணக்கம். அம்மாவை வழியனுப்பிய அன்று கடப்பாவிலிருந்து பேருந்து மாறி மாறி வந்து, வாசலில் நின்று அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்ட காதர் அண்ணனை எங்கள் வீடு மறக்காது. அப்பாவுக்கு நான் தனியாக நன்றி சொன்னால் அவர் எழுந்து போய்விடுவார். ஆனாலும் சொல்கிறேன்.

இன்னொருவர் இருக்கிறார். காரியம் முடிந்த வாரத்தில் குவைத்திலிருந்து தொலைபேசி வந்தது. அம்மாவின் வீட்டுக்காரம்மா, அந்த 'மாமா', ஆங்கிலத்தில் பேசினார். நானும் ஆங்கிலத்தில் பேசினேன். அவரிடம் நான் நேராகப் பேசியது அதுதான் முதல்முறை. அழுது முடித்த பிறகு, ஓர் ஆசிரியை கேட்பதுபோலவே, இப்போது என்ன செய்கிறாய் என்று கேட்டார். வேலூரில் ஒரு அலுவலகத்தில் வீடுகளுக்கு வரைபடம் போடுகிறேன் என்றேன்.

"அப்படியானால் உன் அம்மா வந்த வேலை முடிந்துவிட்டது" என்றார்.

"இன்னும் இல்லை. தம்பி படித்துக்கொண்டிருக்கிறான். அது இனி என் வேலை" என்றேன்.

அவன் எந்த வகுப்பு, எந்தப் பாடம் நன்றாக வரும் என்று அவர் கேட்க ஆரம்பித்தார்.