பட்டறையை அவரே பிரித்தார்

தீக்காய வார்டில் கட்டு மாற்றும் வேலை அவளுக்கு. எங்கள் தெருவில் அவளுக்கு நாங்கள் வைத்த பெயர் நெருப்புக்கோழி. பட்டப்பெயர் காதில் விழுந்தால் அவளும் சிரிப்பாள். சிரித்துக்கொண்டே, "முதல்ல அந்தக் கூரைச் சருகைத் தள்ளுங்க" என்பாள்.

எங்கள் தெரு முடிகிற இடத்தில் காடு தொடங்கும். கடைசி இரண்டு வீடுகளில் ஒன்று அவளுடையது, மற்றது அவள் தங்கையுடையது. காட்டுத்தீ நடந்து வராது, பறந்து வரும் என்பதுதான் அவள் பேச்சு. "காத்துல வர்ற பொறி எங்க உட்காரும்? காஞ்ச சருகுல, சுவத்துல சாய்ச்ச விறகுல, பரண் ஓட்டைக்குள்ள. அதுக்கு உட்கார இடம் கொடுக்காதீங்க, அவ்வளவுதான்."

வார்டில் அவள் பார்த்ததை நாங்கள் பார்த்ததில்லை. ஆனாலும் அவள் நச்சரிப்பு தாங்காமல் ஒவ்வொருவராக வழிக்கு வந்தோம். பரண் ஓட்டைகளுக்குக் கம்பிவலை அடித்தோம். விறகு சுவரை விட்டு விலகியது. வேலியோரப் புதர்கள் போயின.

போகாதது ஒன்றே ஒன்று: தங்கை புருஷனின் சோபா பட்டறை. வீட்டுச் சுவரையொட்டி மரக்கால் நட்டு, தார்ப்பாய் போர்த்தி, உள்ளே ஸ்பாஞ்சும் துணியும் பசை டின்னும் அடைத்து வைத்திருந்தார். நல்ல மனுஷர், வாயைத் திறந்தால் கேலிதான். "அண்ணி வர்றாங்க, அடுப்பை அணைச்சுட்டுக் கதவைத் திற" என்று மனைவியிடம் கத்துவார்.

"மாப்பிள்ளை, இது பட்டறை இல்ல, தீப்பெட்டி."

"இந்த ஆர்டர் முடியட்டும் அண்ணி."

ஆர்டர் முடிந்தபாடில்லை. கடைசியில் தெருக் கூட்டத்தில் அவளே எழுந்து பேசினாள். சொந்தத் தங்கை முன்வரிசையில் உட்கார்ந்திருக்க, "பட்டறை இருக்கிறவரைக்கும் நாம செஞ்சதெல்லாம் வீண்" என்றாள். யாரும் மறுக்கவில்லை.  மறுநாள் காலையிலேயே தங்கை புருஷன் தார்ப்பாயை அவிழ்த்தார். மரக்கால்களைத் தானே பிடுங்கினார். மலைக்கு அந்தப் பக்கம் ஒரு மர அறுவை மில்லின் பின்கட்டு வாடகைக்குக் கிடைத்தது. அங்கே போனார். தங்கை அக்காவோடு பேசுவதை நிறுத்திக்கொண்டாள்.

அடுத்த கோடையில் ஒரு பிற்பகல், மலைக்கு அந்தப் பக்கம் தீப்பிடித்தது. காற்று வேகத்தில் கண் மூடித் திறப்பதற்குள் உச்சியைத் தாண்டிவிட்டது. போலீஸ் வண்டி ஒலிபெருக்கியில் கத்தி எங்களை வெளியேற்றியது. திரும்பி வந்தபோது கொடிக்கயிறுகள் உருகித் தொங்கின. வாசல் மிதியடிகளில் பொத்தல் பொத்தலாகப் பொறி விழுந்திருந்தது. வீடுகள் அத்தனையும் நின்றன. பட்டறை இருந்த வெற்றுத் தரையில் விரல் நீளக் கரித்துண்டுகள் விழுந்து, பிடிக்க ஒன்றும் கிடைக்காமல் தானாக அணைந்து கிடந்தன.

மில் எரிந்துவிட்டது. அவரை அவள் வார்டுக்குத்தான் கொண்டுவந்தார்கள்.

"நீ வேண்டாம்மா, வேற ஆள் பார்க்கட்டும்" என்றார் தலைமை நர்ஸ்.

"என் கை லேசுன்னு எல்லாரும் சொல்றீங்க. அவருக்கு மட்டும் வேற கையா?"

கட்டுத் துணியை நனைத்து நனைத்து, ஒட்டிய இடத்தில் பொறுத்துப் பொறுத்துப் பிரித்தாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

"வீடு இருக்கா அண்ணி?"

"இருக்கு மாப்பிள்ளை. ஒரு ஓடுகூடக் கருகலை."

"பட்டறை அங்கயே இருந்திருந்தா, தெருவே போயிருக்கும் இல்ல?"

அவள் கை நின்றது.

"சொல்லுங்க அண்ணி."

"ஆமா."

"அப்ப சரி" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

அந்த 'அப்ப சரி' ஆறுதலா, குத்தலா? கேட்காமல் அவள் அடுத்த கட்டை நனைத்தாள். அந்த வாரமே அவர் போய்விட்டார்.

தங்கை அழுது ஓய்ந்தபின் சொன்னாள்: "நீ சொன்னது தப்பில்லன்னு எனக்குத் தெரியும்க்கா. தெரிஞ்சும் உன் முகத்தைப் பார்க்க முடியலை." மகளை அழைத்துக்கொண்டு வேறு ஊருக்குப் போனாள்.

தெருக்காரர்கள் அக்காவுக்குப் பொன்னாடை போர்த்தலாம் என்று பேசிக்கொண்டோம். கேள்விப்பட்டு அவளே வந்தாள். "அந்தப் பேச்சே வேண்டாம்" என்றாள். யாரும் வற்புறுத்தவில்லை. தீக்காய வார்டை விட்டு, குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடும் பிரிவுக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

போன மாதம் தங்கை வந்திருந்தாள். தன் வீட்டைத் திறந்து பெருக்கினாள். அக்கா வீட்டுப் படி ஏறவில்லை. கிளம்பும்போது மட்டும் வாசலில் நின்று, "தலைவலி மாத்திரை இருக்கா?" என்று கேட்டாள். அக்கா மாத்திரையும் தண்ணீரும் கொண்டுவந்தாள். தங்கை நின்றபடியே விழுங்கினாள்.

பிறகு இருவரும் பஸ் நிறுத்தம் வரை நடந்தார்கள். பையை அக்கா தூக்கிக்கொண்டாள், தங்கை தடுக்கவில்லை. பஸ் வரும்வரை பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள்.