கோமதி அக்காவின் காலிப் பாட்டில்

கோமதி அக்காவைக் கொன்றது எங்கள் கம்பெனி. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. கம்பெனியின் பெயரை மட்டும் எழுதவில்லை. எழுதினால் இதை அச்சிடத் தயங்குவார்கள். ஓசூரில் அலுமினிய வார்ப்பு செய்கிற கம்பெனிகளில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காலை ஷிப்டுக்காக மத்திகிரியில் கம்பெனி பஸ்ஸுக்குக் காத்துக்கொண்டிருந்தபோது போனில் செய்தி வந்தது. ஊழியர்களுக்கான வாட்ஸ்அப் குழுவில் ஹெச்.ஆர். அதிகாரி போட்டிருந்தார். நம் நிறுவனக் குடும்பத்தின் மூத்த உறுப்பினர் திருமதி கோமதி உடல்நலக் குறைவால் இயற்கை எய்தினார் என்று ஒரு வரி. அதற்குக் கீழே கும்பிடும் கைகள். அக்கா எதனால் இறந்தார் என்று அவருடைய கணவருக்கே டாக்டர் இன்னும் விளக்கிச் சொல்லியிருக்கவில்லை. அதற்குள் கம்பெனிக்குத் தெரிந்துவிட்டது.

பஸ்ஸில் ஏறினோம். டிரைவருக்குப் பின்னாலிருக்கும் ஜன்னல் சீட்டில் யாரும் உட்காரவில்லை. அது அக்காவின் இடம். ரத்னம்மா அதற்கு அடுத்த சீட்டில் உட்கார்ந்து, தெலுங்கில் ஏதோ முணுமுணுத்தபடி மூக்கைச் சிந்திக்கொண்டே வந்தார். அக்கா இருந்திருந்தால் அந்தச் செய்தியை என்னிடம் நீட்டி, "ஏ தம்பி, கை ரெண்டையும் சேத்துக் கும்புடுதான் பாரு. உள்ள என்னத்த ஒளிச்சு வச்சிருக்கான்?" என்று கேட்டிருப்பார்.

அவரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கோமதி அக்காவுக்குச் சங்கரன்கோவில் பக்கம். கல்யாணமாகி ஓசூர் வந்தவர். கணவர் சண்முகம் அண்ணன் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். மத்திகிரியில், கால்நடைப் பண்ணைக்குப் பின்னால் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தார்கள். சுற்றிலும் கன்னடமும் தெலுங்கும் பேசுகிற ஊரில் இத்தனை காலம் இருந்தும் அக்காவின் பேச்சில் ஊர் வாடை குறையவில்லை. ரத்னம்மாவும் அவரும் பேசிக்கொண்டால் பாதி வார்த்தை இவருக்குப் புரியாது, பாதி அவருக்குப் புரியாது. ஆனால் இருவரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். எங்களைத்தான் கிண்டல் செய்கிறார்கள் என்று நாங்கள் புரிந்துகொள்வோம்.

அக்கா சந்தேகப் பிராணி. கேன் தண்ணீர் போடுகிறவர் கேனில் குழாய்த் தண்ணீரைப் பிடித்து மூடி போடுகிறார் என்பார். கழிவு கலந்த தண்ணீர் என்று கெலவரப்பள்ளி அணையிலிருந்து வரும் மீனை வாங்கமாட்டார். நான் பாரூரிலிருந்து வந்து வேலைக்குச் சேர்ந்த புதிதில் கூட வேலை செய்த எல்லோரிடமும் சம்பளம், லீவு என்று விசாரித்துக்கொண்டிருந்தேன். நான் ஆபீஸ் ஆள், வேவு பார்க்க வந்தவன் என்று ஒரு மழைக்காலம் முழுவதும் என்னிடம் பேசாமல் இருந்தார். அது தப்பு என்று தெரிந்த பிறகும் மன்னிப்புக் கேட்கவில்லை. "மூஞ்சி அப்படி இருந்துச்சு, நா என்ன செய்யட்டும்?" என்றார்.

கம்பெனி இலவச மருத்துவ முகாம் நடத்தியபோது அவர் ரத்தம் கொடுக்க மறுத்தார். நோய் இருக்கிறவர்களைக் கண்டுபிடித்து அனுப்பத்தான் இது என்றார். எனக்கு அது அதிகமாகப் பட்டது. ஆனால் முகாமில் சர்க்கரை இருப்பதாகத் தெரியவந்த ஒரு பெண்ணின் ஒப்பந்தத்தைப் பிறகு நீட்டிக்கவில்லை. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா என்று என்னால் நிரூபிக்க முடியாது. அக்காவுக்கு நிரூபணம் தேவைப்படவில்லை.

இனி நான் சொல்லப்போவது புரிய வேண்டுமென்றால் எங்கள் ஷெட் எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டும். ஒரு கோடியில் ஃபர்னஸ். உருகிய அலுமினியத்தை அச்சில் ஊற்றுவது என் வேலை. ஆறிய வார்ப்புகள் தள்ளுவண்டியில் நடுப்பகுதிக்குப் போகும். அங்கே பெண்கள் வரிசையாக நின்று அரம் போட்டுப் பிசிறு எடுப்பார்கள். வரிசையில் முதல் ஆள் அக்கா, அடுத்தவர் ரத்னம்மா. பெண்கள் கழிப்பறை ஸ்டோரையும் தாண்டி மறுகோடியில் இருக்கிறது. அங்கே போக வேண்டுமானால் ஷிப்ட் இன்சார்ஜின் மேசைக்குப் பக்கத்தில், ஆணியில் தொங்கும் பிளாஸ்டிக் அட்டையை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும். எல்லாப் பெண்களுக்கும் சேர்த்து ஒரே அட்டை. போனவர் வந்து அதைத் திரும்ப மாட்டினால்தான் அடுத்தவர் எடுக்கலாம். போகிறவரின் இடத்தில் நிற்க மாற்று ஆள் கிடையாது. திரும்பி வரும்போது மேசையில் வார்ப்பு குவிந்து கிடக்கும். அட்டையை எடுக்கும்போதே இன்சார்ஜ், "இப்பதானம்மா போன?" என்று எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி கேட்பார்.

ஆண்களுக்கு அட்டை கிடையாது.

அக்கா அந்த அட்டைக்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்திருந்தார். யாராவது கால் மாற்றிக் கால் மாற்றி நின்றால், "பொறு, மாப்ள வெளியூரு போயிருக்காரு" என்பார். வரிசை முழுவதும் சிரிக்கும். சிரிப்பை அடக்கவும் முடியாமல் மற்றதை அடக்கவும் முடியாமல் அந்தப் பெண் அவரைத் திட்டும். இந்த மாப்பிள்ளையோடு குடித்தனம் நடத்த பெண்கள் கண்டுபிடித்திருந்த வழி ஒன்றே ஒன்று. தண்ணீர் குடிக்காமல் இருப்பது. வீட்டில் அரை டம்ளர் காப்பி. பிறகு சாப்பாட்டு இடைவேளையில் வாயை நனைத்துக்கொள்வது. அவ்வளவுதான்.

ஒரு கோடையில் ஃபர்னஸ் பக்கம் ஒருவர் மயங்கி விழுந்தார். வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் கம்பெனியைப் பார்வையிட வருவதாக இருந்த சமயம் அது. மயங்கியவர் எழுந்து உட்கார்வதற்குள் வாட்டர் பெல் என்ற திட்டம் வந்துவிட்டது. ஆளுக்கொரு பாட்டில், ஒரே அளவு. கண்ணாடி மாதிரி தெளிவான பிளாஸ்டிக். மேலே அவரவர் எண். வெளியிலிருந்து சொந்தப் பாட்டில் கொண்டுவரக் கூடாது. மணி அடித்தால் எல்லோரும் குடிக்க வேண்டும். ஷிப்ட் முடியும்போது காலிப் பாட்டிலைத் தூக்கி இன்சார்ஜிடம் காட்டிவிட்டுப் போக வேண்டும்.

இதை அறிவிக்க ஹெச்.ஆர். அதிகாரி கேன்டீனில் கூட்டம் போட்டார். ரத்னம்மாவுக்கு இதயத்தில் கோளாறு. கால் வீங்குகிறது என்று தண்ணீருக்கு டாக்டர் அளவு சொல்லியிருந்தார். அவர் எழுந்து, டாக்டர் அளவாகத்தான் குடிக்கச் சொல்லியிருக்கிறார், இந்தப் பாட்டில் தனக்கு ஆகாது என்றார். ஃபர்னஸ்காரர்களான நாங்கள், இந்தப் பாட்டில் எங்களுக்கு முதல் மணிக்கே பற்றாது என்றோம். எல்லோருக்கும் ஒரே ரூல், ஆளுக்கு ஆள் மாற்ற முடியாது என்றார் அதிகாரி. என் அப்பா நெல்லுக்கும் கரும்புக்கும் ஒரே மாதிரி தண்ணீர் கட்டினால் பாரூரில் அவரைப் பைத்தியம் என்பார்கள். இங்கே அதற்கு மாலை போட்டார்கள்.

அக்கா உட்கார்ந்தபடியே கேட்டார். "சார், தண்ணி குடுக்கீய. சரி. உள்ள போனது வெளிய வரணும்லா? அதுக்கு எத்தன அட்ட குடுக்கீய?"

பெண்கள் சிரித்தார்கள். அதிகாரியும் சிரித்தார். அது நகைச்சுவை என்று முடிவு செய்துகொண்டு அடுத்த விஷயத்துக்குப் போனார்.

அதன்பிறகு நடந்ததை எங்கள் ஷெட்டில் இருப்பவர்களைத் தவிர யாரும் செய்திருக்க மாட்டார்கள். வார்ப்புகளை இறக்கிவிட்டுத் தள்ளுவண்டி காலியாக ஃபர்னஸுக்குத் திரும்பி வருமல்லவா, ஒருநாள் அதில் கிடந்த கையுறைக் குவியலுக்கு அடியில் அக்காவின் பாட்டில் இருந்தது. நிறையத் தண்ணீரோடு. நிமிர்ந்து பார்த்தேன். அக்கா அரத்தை ஆட்டிக் குடி என்று சைகை காட்டினார். குடித்தேன். காலிப் பாட்டிலை அடுத்த வண்டியில் வார்ப்புகளுக்கு நடுவில் வைத்து அனுப்பினேன். பிறகு ரத்னம்மாவின் பாட்டில் வந்தது. பிறகு வரிசையிலிருந்த எல்லாப் பெண்களின் பாட்டில்களும் வந்தன. ஃபர்னஸில் எல்லோருக்கும் தாகம் தீர்ந்தது. பெண்கள் அட்டைக்குப் போக வேண்டியிருக்கவில்லை. ஷிப்ட் முடிவில் எல்லாப் பாட்டிலும் காலி. இன்சார்ஜுக்கு மகிழ்ச்சி. கம்பெனியை ஏமாற்றிவிட்டோம் என்று எங்களுக்கும் மகிழ்ச்சி.

நீங்களும் கொஞ்சம் குடியுங்கள் அக்கா என்று நான் ஒருமுறை சொன்னேன். "நீ நெருப்புல நிக்கவன். ஒனக்கு வேணும். நா வீட்ல போய்க் குடிச்சிக்கிடுதேன்" என்றார். அவருக்குச் சிறுநீரகத்தில் கல் இருந்ததும், எங்கள் எல்லோரையும்விட அவருக்குத்தான் அடிக்கடி தண்ணீர் தேவைப்பட்டதும் அப்போது எனக்குத் தெரியாது. முகாமில் ரத்தம் கொடுக்காத அதே காரணத்துக்காகவே அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை என்று நினைக்கிறேன்.

அக்காவின் பங்கைக் குடித்தவன் என்ற முறையில் எனக்குக் குற்ற உணர்ச்சி வர வேண்டும் என்று ஷெட்டில் சிலர் எதிர்பார்க்கிறார்கள். வரவில்லை. கோபம்தான் வருகிறது. நான் குற்ற உணர்ச்சியில் சுருண்டு கிடந்தால் யாருக்கு லாபம் என்று அக்காவைப் போலவே நானும் யோசிக்கிறேன்.

சென்ற மாதம் அவருக்குக் காய்ச்சலும் முதுகுவலியும் தொடங்கின. இடுப்பை மேசை விளிம்பில் அழுத்திக்கொண்டு தேய்ப்பார். ஈ.எஸ்.ஐ. டாக்டர், சிறுநீர் தெளிவாகப் போகும்வரை தண்ணீர் குடிக்க வேண்டும், வந்தால் அடக்கவே கூடாது என்று சொல்லியிருக்கிறார். அதைப் பஸ்ஸில் எங்களுக்கு நடித்துக் காட்டினார் அக்கா. "'அடக்காதீங்கம்மா'ங்காரு. அவருக்கென்ன, ரூமுக்குள்ளயே பாத்ரூம் வச்சிருக்காரு." அன்றைக்கு இன்சார்ஜிடம் போய், எனக்கு மட்டும் அட்டை இல்லாமல் போய்வர அனுமதி வேண்டும் என்று கேட்டார். ஒருத்திக்குக் கொடுத்தால் எல்லோரும் நோயாளி ஆகிவிடுவீர்கள் என்று பதில் வந்தது. அக்கா வந்து அரத்தை எடுத்துக்கொண்டார். அவர் பதில் சொல்லாமல் திரும்பியதை அன்றுதான் பார்த்தேன்.

தொற்று சிறுநீரகத்துக்கு ஏறி ரத்தத்தில் கலந்துவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். அடக்கம் முடிந்த பிறகு சண்முகம் அண்ணன் என்னைத் தனியாக அழைத்து ஒன்று கேட்டார். "கடைசியில நெனவு தப்பிக் கெடக்கும்போது, அட்ட யாருட்ட இருக்கு, அட்ட யாருட்ட இருக்குன்னு கேட்டுட்டே இருந்தாப்பா. ரேசன் அட்டயச் சொல்லுதான்னு நெனச்சி, வீட்லதான் இருக்குன்னேன். அது எந்த அட்ட?"

நான் சொன்னேன். இத்தனை வருஷத்தில் அவரிடம் அக்கா அதைச் சொன்னதே இல்லை.

இரங்கல் கூட்டம் நேற்று கேன்டீனில் நடந்தது. பெரிய பிளெக்ஸ் பேனர். அதில் அக்கா கையில் பாட்டிலோடு சிரித்துக்கொண்டிருக்கிறார். வாட்டர் பெல் விளம்பரத்துக்காகக் கம்பெனி எடுத்த படம். எதற்காக அப்படிச் சிரித்தார் என்று எங்கள் ஷெட்டுக்குத் தெரியும். பாட்டில் காலி.

ஹெச்.ஆர். அதிகாரி பேசினார். கோமதி ஒரு முன்மாதிரி, அவருடைய பாட்டில் ஒருநாள்கூட மிச்சம் வைத்துத் திரும்பியதில்லை, தண்ணீர் விஷயத்தில் நிறுவனம் எந்தக் குறையும் வைக்கவில்லை என்பதற்கு அதுவே அடையாளம் என்றார். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த சண்முகம் அண்ணனைப் பார்த்துத்தான் அதைச் சொன்னார். அண்ணன் நாளை ஏதாவது கேட்டுவிடக் கூடாது என்பதற்கான பேச்சு அது. இரங்கல் கூட்டமே அதற்காகத்தான் என்று எனக்குச் சந்தேகம். சந்தேகப்பட அக்காவிடம்தான் கற்றேன் என்று சொல்லமாட்டேன். இந்தக் கம்பெனியில் இருந்தால் தானாக வரும்.

எழுந்து நின்று, அந்தத் தண்ணீரைக் குடித்தது நான் என்றேன். வண்டியில் பாட்டில் வந்த கதையைச் சொன்னேன். என்னை வேலையைவிட்டு அனுப்பலாம், பரவாயில்லை. ஃபர்னஸ்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். நானும், நானும் என்றார்கள். ரத்னம்மா எழுந்து, தன் பாட்டிலும் போனதாகச் சொன்னார். அதிகாரி மைக்கை அணைத்தார்.

"சார், அக்கா ஒரு கேள்வி கேட்டாங்க, நீங்க சிரிச்சீங்க. நான் கேள்வி கேக்கல. அந்த அட்டய ஆணில இருந்து எடுங்க. இப்பவே எடுங்க. வரிசைல மாத்து ஆள் நிறுத்துங்க. யாருக்கு எவ்ளோ தண்ணி வேணுமோ குடிக்கட்டும், எப்ப போகணுமோ போகட்டும்" என்றேன்.

அந்த நேரத்தில் வாட்டர் பெல் அடித்தது. பழக்கத்தில் பலரின் கை பாட்டிலுக்குப் போனது. பிறகு நின்றது. யாரும் குடிக்கவில்லை. பேனரில் அக்கா மட்டும் பாட்டிலைத் தூக்கிப் பிடித்திருந்தார்.

போய் வாருங்கள் அக்கா. இனி யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

இன்று காலை வேலைக்குப் போனதும் முதலில் இன்சார்ஜின் மேசையைத்தான் பார்த்தேன். ஆணியில் அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. அதை எடுங்கள் என்று மறுபடியும் சொன்னேன். அவர் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.