ரெஜினா அக்காவும் அவங்க மைக்ல சொன்ன என் கதையும்

ரெஜினா அக்கா இறந்துட்டாங்க.

காலைல வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல போட்டோவைப் பார்த்துதான் தெரிஞ்சுச்சு. ஹார்ட் அட்டாக்காம். ஆலங்குடி வீட்லயே...

அதுக்குள்ள ரெண்டு மூணு பேர் போன் பண்ணிட்டாங்க. ஆரம்பத்துலேருந்து அக்காகூட இருந்தது நீங்கதான், நாலு வரி எழுதுங்கன்னு. எழுதுறேன். அவங்க எதிர்பார்க்கிற நாலு வரியா இருக்காது.

தெரியாதவங்களுக்காக... அக்கா ஒரு சின்ன டிரஸ்ட் நடத்துனாங்க. மனசுக்கு முடியலன்னா அதுவும் வியாதிதான், டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்கன்னு இந்த மாவட்டத்துல ஊர் ஊரா பஸ்ஸேறிப் போய்ச் சொன்னவங்க.

நான் அவங்களை முதல்ல பார்த்தது கறம்பக்குடி பஸ் ஸ்டாண்டுல. என் பொண்ணு அப்ப கைக்குழந்தை. வீட்டுக்காரர் சிங்கப்பூர்ல.

தெனமும் மத்தியானம் பிள்ளையைத் தூக்கிக்கிட்டு அங்க வந்து உக்காந்திருப்பேன். எந்த பஸ்லயும் ஏற மாட்டேன். சாயந்தரம் திரும்பிப் போயிருவேன்.

பஸ் மாற வர்ற அக்கா கொஞ்ச நாளா கவனிச்சிருக்காங்க. ஒரு நாள் பக்கத்துல வந்து உக்காந்து, "யாருக்கு ஆத்தா காத்திருக்க?"ன்னு கேட்டாங்க.

அவங்ககிட்டதான் சொன்னேன். வீட்டுக்குப் பின்னாடி கெணறு இருக்கு. பிள்ளையோட தனியா இருக்கையில என்னென்னமோ தோணுது. என்னைப் பார்த்தா எனக்கே பயமா இருக்கு. அதான் ஆள் இருக்க எடத்துக்கு ஓடி வந்துர்றேன்...

வீட்டுக்காரருக்குத் தெரியாது. அத்தைக்குத் தெரியாது. பெத்த அம்மாவுக்கே தெரியாது.

அக்கா முகம் கொஞ்சங்கூட மாறல. பிள்ளை பெத்தவளுக்கு இப்படி வர்றது உண்டு, மருந்து இருக்குன்னு சொல்லி மறுநாளே புதுக்கோட்டை பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாங்க. நான் டாக்டர்கிட்ட பேசி முடிக்கிற வரைக்கும் பிள்ளையை மடில போட்டுக்கிட்டு வராண்டாவுல உக்காந்திருந்தாங்க.

வீட்ல தைராய்டு மாத்திரைன்னு சொல்லி வச்சேன். மெல்ல மெல்லத் தூக்கம் வந்துச்சு. ஒரு நாள் பிள்ளையைக் குளிப்பாட்டையில பாட்டு வந்துச்சு வாயில...

எவ்வளவு கோபம் இருந்தாலும் இதை நான் இல்லைன்னு சொல்ல மாட்டேன்.

அப்புறம் டிரஸ்ட்லயே வேலைக்குச் சேர்ந்தேன். புதுசா வர்றவங்களுக்கு அக்கா சொல்லிக் குடுக்கிற முதல் பாடமே, ஒருத்தர் நம்மகிட்ட சொன்னது நம்மளைத் தாண்டக் கூடாதுங்கிறதுதான். அதை நானே எத்தனையோ பேருக்குச் சொல்லிக் குடுத்திருக்கேன்.

விழிப்புணர்வு டிரெய்னிங்குக்கு கவர்ன்மென்ட் கிராண்ட் கேட்டு அக்கா வருஷா வருஷம் எழுதிப் போடுவாங்க. கிடைக்காது. ஒரு தடவை கமிட்டிக்கு முன்னாடி நேர்ல பேசக் கூப்பிட்டாங்க. கிராண்ட் சாங்ஷன் ஆயிருச்சு.

அன்னைக்கு ஆபீஸுக்கு லட்டு வாங்கிட்டு வந்து என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு, "எல்லாம் ஒன்னாலதான் ஆத்தா"ன்னாங்க.

நான் என் உழைப்பைச் சொல்றாங்கன்னு நெனச்சேன்...

முதல் டிரெய்னிங் கீரமங்கலத்துல, ஒரு கல்யாண மண்டபத்துல. மகளிர் குழு, அங்கன்வாடி டீச்சருங்கன்னு நல்ல கூட்டம். என் நாத்தனாரும் அங்கன்வாடி டீச்சர்தான். முன்னாடி உக்காந்திருந்தாங்க. நான் கதவுகிட்ட நின்னு வர்றவங்களுக்கு ஃபைல் குடுத்துக்கிட்டு இருந்தேன்.

அக்கா மைக்கை வாங்கினாங்க.

"கறம்பக்குடி பக்கம் ஒரு பொண்ணு. புருஷன் வெளிநாட்டுல. தெனம் கைக்குழந்தையோட வந்து பஸ் ஸ்டாண்டுல உக்காந்திருக்கும். ஏன் தெரியுமா? வீட்ல இருக்க கெணத்துக்குப் பயந்து."

எல்லாரும் அக்காவையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. நாத்தனார் மட்டும் திரும்பி என்னைப் பார்த்தாங்க.

நான் பஸ் ஸ்டாண்டுல உக்காந்திருந்ததை ஊரே ஒரு காலத்துல பேசுச்சு. அவங்களுக்குத் தெரியாம இருந்தது காரணம் மட்டுந்தான்.

சாப்பாட்டு நேரத்துல அக்காகிட்ட போய் நின்னேன். கமிட்டிலயும் இதைத்தான் சொன்னீங்களான்னு கேட்டேன். ஆமான்னாங்க. பேரைச் சொல்லலையே, இப்படி ஒண்ணைக் காதால கேட்டாதான் அதிகாரிங்களுக்குப் புரியுது, இதனால எத்தனை பொண்ணுங்க பொழைப்பாங்க பாருன்னாங்க.

"என்னைக் கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேன்க்கா"ன்னேன்.

பந்தியில யாரோ கூப்பிட்டாங்கன்னு அங்கிட்டு போயிட்டாங்க.

அந்த வாரமே வீட்டுக்கு வெல்டர் வந்து கெணத்துக்கு இரும்பு மூடி போட்டுட்டுப் போனார். யாரும் என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. பிள்ளையைக் குளிப்பாட்டுறது, தூங்க வைக்கிறது எல்லாம் அத்தை எடுத்துக்கிட்டாங்க. நான் அப்ப முழுசா சரியாகி இருந்தேன்... ஆனா என் பிள்ளையோட தனியா இருக்க எனக்குத்தான் அனுமதி இல்ல.

வீட்டுக்காரர் போன்ல ஒண்ணே ஒண்ணுதான் கேட்டார், யாரோ ஒரு பொம்பளைகிட்ட சொன்னதை ஏன் என்கிட்ட சொல்லலன்னு. லீவுல ஊருக்கு வந்தப்ப டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போய்ப் பேச வச்சேன். அதுக்கப்புறந்தான் அத்தை பிள்ளையை என் கையில விட்டாங்க.

வேலையை நான் அந்த மண்டபத்தோட விட்டுட்டேன். டிரஸ்ட் கதையை விடல. நார்த்தாமலை பக்கம் ஒரு டிரெய்னிங்ல அந்தப் பொண்ணு கெணத்துல விழுந்துட்டதாவே சொன்னாங்களாம். கேட்டவங்க அழுதாங்களாம்.

நான் உசுரோடதான் இருக்கேன்.

போன வருஷம் ஆலங்குடியில ஒரு மருந்துக் கடையில அக்காவைப் பார்த்தேன். ரொம்ப இளைச்சிருந்தாங்க. பாப்பா எப்படி இருக்கான்னு கேட்டாங்க. நல்லா இருக்கான்னேன். வேற ஏதோ சொல்ல வந்த மாதிரி நின்னாங்க... மாத்திரையை வாங்கிக்கிட்டு போயிட்டாங்க.

இதைப் போடுறதுக்கு முன்னாடி என் பொண்ணுகிட்ட படிக்கக் குடுத்தேன். இப்ப அவ பெரியவ. படிச்சுட்டு, "போடும்மா, இது ஒன்னோடதுதானே"ன்னா.

சாயந்தரம் கல்லறைக்கு நாங்க ரெண்டு பேரும் வாரோம் அக்கா. மண்ணு போடுவேன். மன்னிப்பு பத்தி எனக்கு இன்னும் தெரியல.

போங்கக்கா...