பின் அடித்த பக்கங்கள்

மாசி பிறந்துவிட்டால் எங்கள் கைகளில் புளி வாசனை ஏறிவிடும். எத்தனை முறை கழுவினாலும் விரலிடுக்கில் ஒரு பிசுபிசுப்பு மிஞ்சி நிற்கும். பாடப்புத்தகத்தைப் புரட்டும்போது அதில் தாள் ஒட்டிக்கொண்டு வரும். ஏரியூர்ப் பக்கத்துப் பெண் பிள்ளைகளின் பத்தாம் வகுப்புப் புத்தகங்களை யாராவது வாங்கி முகர்ந்து பார்த்திருந்தால், பொதுத்தேர்வும் புளி உடைக்கிற வேலையும் ஒரே பருவத்தில் வருகிற ஊர் இது என்பதை ஒரு வரிகூடப் படிக்காமலே சொல்லியிருப்பார்.

அந்த ஆண்டு என் கணக்குப் புத்தகத்தைத் திறந்தால் பாதிக்கு மேல் திறக்காது. அத்தியாயம் அத்தியாயமாகப் பக்கங்களைக் கத்தை பிடித்து, ஓரத்தில் மூன்று இடங்களில் ஸ்டேப்ளர் பின் அடித்திருந்தார் வசந்தா டீச்சர். என் புத்தகம் மட்டுமல்ல, எங்கள் வகுப்பில் பதினான்கு பேருடைய புத்தகங்கள் அப்படித்தான் இருந்தன.

வசந்தா டீச்சர் தருமபுரியில் விடியும் முன்பே பஸ் ஏறி, பென்னாகரத்தில் இறங்கி, வேறு பஸ் பிடித்து, பிறகு ஒரு மைல் நடந்து எங்கள் பள்ளிக்கு வருவார். தோள் பையில் இரண்டு டிபன் பாக்ஸ் இருக்கும். ஒன்று அவருக்கு, மற்றொன்று அன்று யார் சாப்பாடு கொண்டுவரவில்லையோ அவளுக்கு. அவர் வருவதற்கு முந்தைய ஆண்டு எங்கள் பள்ளியில் கணக்குக்கு ஆசிரியரே இல்லை. ஒன்பதாம் வகுப்பு முழுவதும் கணக்குப் பாட வேளையில் நாங்கள் பள்ளித் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தோம். அந்த ஆண்டு கத்தரிக்காய் நன்றாகக் காய்த்தது. அதன் பலன் பத்தாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வில் தெரிந்தது. தலைமையாசிரியரின் பதிவேட்டில் "மெல்லக் கற்போர்" என்ற தலைப்பின் கீழ் பதினான்கு பெயர்கள் ஏறின. என் பெயர் ஒன்பதாவது.

அந்தத் தலைப்பை டீச்சர் ஒரு நாளும் வாயால் சொன்னதில்லை. எங்களை "எம் புள்ளைங்க" என்பார். பள்ளி விட்ட பிறகு புங்க மரத்தடியில் எங்களை மட்டும் உட்காரவைத்து, பையிலிருந்து ஸ்டேப்ளரை எடுத்து, ஒவ்வொரு புத்தகமாக மடியில் வைத்துப் பின் அடித்த அந்த மாலையில் அவர் சொன்னதை இன்றும் என்னால் அதே குரலில் கேட்க முடிகிறது.

"இத பாருங்க சாமி, இந்தப் பக்கமெல்லாம் உங்களுக்கு வேணாம். பாத்தாத்தான பயம் வரும்? பாக்கவே வேணாம். கிராப் ஒண்ணு, ஜாமெட்ரி ஒண்ணு, அப்புறம் நான் டிக் அடிச்ச ரெண்டு மார்க்குக் கேள்வி. இது போதும். பாஸாயிடுவீங்க. நான் இருக்கறேன் இல்ல?"

நாங்கள் அழவில்லை, அவமானப்படவும் இல்லை. உண்மையைச் சொன்னால், அன்று மாலை வீட்டுக்கு நடந்தபோது என் பை எடை குறைந்துபோனது போலிருந்தது. பெரிய புத்தகம் ஒன்று கையளவு சுருங்கிவிட்ட நிம்மதி அது. டீச்சர் ஏன் அப்படிச் செய்தார் என்பதும் எங்களுக்குத் தெரியும். எங்கள் பக்கத்தில் பத்தாம் வகுப்பில் தவறிய பெண்ணுக்கு வைகாசிக்குள் மாப்பிள்ளை பார்த்துவிடுவார்கள். அதுவும் இல்லையென்றால் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போகிற குடும்பத்தோடு அவளும் சட்டி தூக்கப் போய்விடுவாள். டீச்சர் முன்பு வேலை பார்த்த ஊரில் அவரிடம் படித்த ஒருத்தி, தவறிய இரண்டாம் மாதமே கல்யாணப் பத்திரிகையோடு அவரிடம் வந்து நின்றாளாம். அதைச் சொல்லும்போதெல்லாம் டீச்சர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். முப்பத்தைந்து மதிப்பெண் என்பது அவருக்கு எங்களைக் கரையில் பிடித்து நிறுத்துகிற கயிறாகத் தெரிந்தது.

வகுப்பில் முதலாவதாக வருகிற காவேரிதான் எங்களுக்கு "பின்னு செட்டு" என்று பெயர் வைத்தாள். "ஏ பின்னு செட்டு, சூறக்காத்து அடிச்சாக்கூட உங்க புக்கு மட்டும் பொரளாதுடி!" என்பாள். அதற்கு நாங்களும் சேர்ந்து சிரிப்போம். நன்றாகச் சொல்லப்பட்ட கேலி என்பதால் மட்டும் சிரிக்கவில்லை. அது எங்களுக்குப் பொருத்தமான பெயர் என்று நாங்களே நம்பியதால் சிரித்தோம் என்று இப்போது தோன்றுகிறது.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் மாதம்மாள். அவளுடைய அப்பாவும் அம்மாவும் ஆண்டில் எட்டு மாதம் பெங்களூரில் கான்கிரீட் வேலையில் இருப்பார்கள். அவள் சித்தப்பா வீட்டில் தங்கிப் படித்தாள். காலாண்டு விடுமுறையில் பெற்றோரைப் பார்க்கப் போன இடத்தில், தலையில் மஞ்சள் தொப்பி போட்ட ஒரு பெண் பெரிய தாளைச் செங்கல் அடுக்கின்மேல் விரித்து, கோடுகளைத் தொட்டுக்காட்டி மேஸ்திரிகளிடம் பேசியதைப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். "எங்கப்பா வயசு ஆளுங்கெல்லாம் அந்த அக்கா சொல்றதக் கேட்டுக்கினு நிக்கறாங்க புள்ள. அது எல்லாமே கோடுதான். நம்ம ஜாமெட்ரி மாதிரியே. நானும் அந்த மாதிரி பிளான் போடுவேன், பாத்துக்க," என்றாள். அதற்குப் பதினொன்றாம் வகுப்பில் கணக்குப் பிரிவு எடுக்க வேண்டும் என்பதையும் அந்த அக்காவிடமே கேட்டுத் தெரிந்துகொண்டு வந்திருந்தாள்.

அவளுடைய கை அப்படிப்பட்டது. எங்கள் காம்பஸ்களின் திருகு தளர்ந்திருக்கும். நூல் சுற்றி, பென்சிலைப் பிடித்துப் பிடித்து வட்டம் போட்டால், தொடங்கிய இடத்தை விட்டு ஒரு நெல்லளவு விலகித்தான் வந்து சேரும். அவள் போடுகிற வட்டம் எங்கே தொடங்கியது என்று கண்டுபிடிக்க முடியாது. டீச்சர் அவள் நோட்டைத் தூக்கிப் பிடித்து, "இது கையில்ல சாமி, மெஷினு!" என்பார்.

தேர்வுக்கு ஒரு மாதம் இருக்கும்போது, வெளியே உள்ள ஒரு புள்ளியிலிருந்து வட்டத்துக்குத் தொடுகோடு வரைகிற பயிற்சியைத் திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருந்தோம். வட்டத்தின் மையத்தையும் வெளியே உள்ள புள்ளியையும் இணைத்து, அந்தக் கோட்டின் நடுவைக் கண்டுபிடித்து, அங்கே காம்பஸை ஊன்றி இன்னொரு வட்டம் போட்டால், அது பழைய வட்டத்தை இரண்டு இடங்களில் வெட்டும். அந்த இரண்டு இடங்களையும் வெளிப்புள்ளியோடு சேர்த்தால் தொடுகோடுகள் கிடைத்துவிடும். மனப்பாடமாகச் செய்வோம். அன்று மாதம்மாள் ஒரே தாளில் ஆறேழு படங்களைப் போட்டு, புள்ளியை அருகிலும் தொலைவிலுமாக மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துவிட்டு, கையைத் தூக்கினாள்.

"டீச்சர், புள்ளிய எங்க வெச்சாலும் கரெக்டா போயித் தொடுது டீச்சர். நடுவுல போடற அந்த வட்டத்துக்கு எப்படி டீச்சர் தெரியுது?"

வட்டத்துக்கு எப்படித் தெரியும் என்றதும் எல்லோரும் சிரித்துவிட்டோம். டீச்சரும் சிரித்தார். பிறகு அவள் பக்கத்தில் வந்து, தலையைத் தடவிக்கொடுத்து, "அது உனக்கெதுக்கு சாமி? அதெல்லாம் பின்னு போட்ட பக்கத்துல வரும். நீ தலைய ஒடச்சிக்காத. உனக்குத்தான் படம் இவ்வளவு அழகா வருதே, இது போதும்," என்றார்.

அந்தக் கையின் மென்மை எனக்குத் தெரியும். என் தலையையும் அது எத்தனையோ முறை தடவியிருக்கிறது. அதற்கு மேல் கேட்பது அந்தக் கையைத் தட்டிவிடுவது போலாகிவிடும். மாதம்மாள் உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் மதியம் அவள் காம்பஸின் முனையை விட்டு நெம்பி, பின்களை ஒவ்வொன்றாகக் கழற்றுவதைப் பார்த்தேன். திறந்த பக்கத்தில் தேற்றம், நிரூபணம், கோணங்களுக்குப் பெயர்கள். நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள். "இங்க வா புள்ள. இதுலதான் இருக்குது. எனக்குப் பாதி புரியற மாதிரி இருக்குது. ரெண்டு பேரும் சேந்து படிச்சா புரிஞ்சிடும்."

நான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "நமக்கெதுக்குடி அது? டீச்சர்தான் போதும்னு சொல்லிட்டாங்களே. வம்ப வெலைக்கு வாங்காத," என்றேன்.

மாதம்மாள் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பக்கங்களைச் சேர்த்துப் பிடித்து, கழற்றிய பின்களைப் பழைய துளைகளிலேயே ஒவ்வொன்றாகச் செருகி, மறுபுறம் நகத்தால் மடக்கிவிட்டாள். ஒரு பின் குத்தி விரல் நுனியில் இரத்தம் துளிர்த்தது. "டீச்சர் பாத்தா மனசு கஷ்டப்படுவாங்க," என்று அவளாகவே சொல்லிக்கொண்டாள்.

நாங்கள் பதினான்கு பேரும் தேர்ச்சி பெற்றோம். முடிவு வந்த அன்று டீச்சர் தருமபுரியிலிருந்து ஜாங்கிரிப் பெட்டியோடு வந்து, ஒவ்வொருத்தி வாயிலும் தம் கையாலேயே ஊட்டிவிட்டு அழுதார். அந்த ஆண்டு எங்களில் ஒருத்திக்கும் கல்யாணம் நடக்கவில்லை. அவர் கொடுத்த வாக்கை அவர் காப்பாற்றினார். இதை எந்த நாளும் நான் மறுக்க மாட்டேன்.

பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கைக்கு மாதம்மாளும் நானும் ஒன்றாகத்தான் போனோம். அவளுடைய அப்பா அதற்காகவே பெங்களூரிலிருந்து வந்திருந்தார். சலவைச் சட்டை போட்டிருந்தும் காது மடலில் சிமெண்ட் வெளுப்பு மிச்சமிருந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த ஆசிரியர், "எந்த குரூப்புங்க?" என்று அவரைக் கேட்டார். "எனக்கு என்னங்க தெரியும்? அது எது கேக்குதோ அதக் குடுத்துடுங்க சார். எவ்வளவு வேணாலும் படிக்கட்டும்," என்றார் அவர். கணக்குப் பிரிவில் இடம் இருந்தது. ஆசிரியரே அதைச் சொன்னார். தடுக்க ஒருவரும் இல்லாத அந்த அறையில் மாதம்மாள் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்:

"எனக்குக் கணக்கு வராதுங்க சார்."

நான் திடுக்கிட்டேன். "வராது" என்று அவளிடம் யாரும் சொன்னதில்லை. டீச்சர் சொல்லவில்லை, காவேரியின் கேலியில்கூட அந்தச் சொல் இருந்ததில்லை. கேட்கவேண்டியதைக் கேட்டபோது, அன்பாகவும் சிரித்துக்கொண்டும், வேண்டாம் என்று அவளைத் திருப்பி அனுப்பினார்கள். அனுப்பியவர்களில் நானும் ஒருத்தி. அதிலிருந்து அவள் தானாகவே அந்த முடிவுக்கு வந்து சேர்ந்திருந்தாள். நாங்கள் இருவரும் வரலாற்றுப் பிரிவில் சேர்ந்தோம்.

பிறகு நான் நூலகப் படிப்பு படித்து, தருமபுரியில் ஒரு நூலகத்தில் வேலையில் சேர்ந்தேன். எத்தனையோ புத்தகங்களைப் படித்தாலும், கணக்கு என்று முதுகில் எழுதிய புத்தகத்தைத் தூசி தட்டி அடுக்கியதோடு சரி. சென்ற ஆண்டு ஒரு மாணவி திருப்பிக் கொடுத்த வடிவியல் புத்தகம் மேசைமேல் விரிந்தபடி கிடந்தது. அதில் அந்த இரண்டு வட்டங்கள் இருந்தன. ஆள் வராத மதிய நேரம், படித்தேன். நடுப்புள்ளியிலிருந்து மையத்துக்கும், வெளிப்புள்ளிக்கும், வட்டங்கள் வெட்டும் இடத்துக்கும் ஒரே தூரம். அதனால் இரண்டு இருசமபக்க முக்கோணங்கள் கிடைக்கின்றன. அவற்றின் கோணங்களைக் கூட்டிப் பார்த்தால், வட்டங்கள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் செங்கோணத்தைத் தவிர வேறொன்றும் அமைய வழியில்லை. செங்கோணம் அமைந்தால் கோடு தொட்டே தீரும். ஆறே வரிகள். அன்று அரை மணி நேரம் மாதம்மாளின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் எங்களுக்குப் புரிந்திருக்கும்.

டீச்சரிடம் சொல்லலாம் என்றால் அவர் இப்போது இல்லை. இருந்திருந்தால் சொல்லியிருப்பேனா என்பதும் எனக்குத் தெரியவில்லை. அவர் கை என் தலைமேல் இன்னொரு முறை படவேண்டும் என்ற ஏக்கம்தான் இன்றும் முதலில் வருகிறது. வருத்தம் அதன் பிறகே வருகிறது. புங்க மரம் நின்ற இடத்தில் புதிய வகுப்பறைகள் எழுந்துவிட்டன. எங்கள் பதிவேடும் அடுத்து வந்தவர்களின் பதிவேடுகளும் பழைய காகிதத்தோடு போயிருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நல்லம்பள்ளிக்குப் போனேன். மாதம்மாள் அங்கே கணவரோடு சாமந்தி பயிரிடுகிறாள். தோட்டத்து வரப்பில் உட்கார்ந்து, அவள் மகளின் நோட்டையும் காம்பஸையும் வாங்கி, முதல் வட்டத்தை மாதம்மாளையே போடச் சொன்னேன். "அய்யோ, எத்தன வருசமாச்சு!" என்று சிரித்துக்கொண்டே போட்டாள், தொடங்கிய இடம் தெரியாமல் வட்டம் வந்து சேர்ந்தது. மிச்சத்தை நான் வரைந்து, ஆறு வரிகளையும் நிதானமாகச் சொன்னேன். கூர்ந்து கேட்டாள். மூன்றாவது வரியிலேயே, "அப்ப அங்க செங்கோணந்தான் வரணும்," என்று எனக்கு முன்னால் முடித்துவிட்டாள்.

"இதத்தான் அன்னிக்கு நீ டீச்சர்கிட்டக் கேட்ட," என்றேன்.

"நானா?" என்று நிமிர்ந்தாள். "போ புள்ள. காவேரி கேட்டிருப்பா. அவதான் அந்த மாதிரியெல்லாம் கேப்பா."

"இல்ல மாது, நீதான் கேட்ட. பின்னக்கூடக் கழட்டுன. கையில குத்திச்சு."

"நான் எங்க கேட்டேன்? நம்ம ரெண்டு பேரும் பின்னு செட்டாச்சே." அவள் குரலில் வருத்தத்தின் சாயல்கூட இல்லை. ஊரறிந்த ஒன்றை மறந்துவிட்ட தோழிக்கு நினைவுபடுத்துவது போல இருந்தது.

நான் மூன்றாவது முறையும் சொன்னேன். அவள் எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள், என்ன வார்த்தைகளில் கேட்டாள் என்பதையெல்லாம் சொன்னேன். அவள் மறுத்துப் பேசுவதை விட்டுவிட்டு, என் மனம் நோகாதபடி, வகுப்பில் டீச்சர் சொல்வதற்கெல்லாம் நாங்கள் தலையாட்டுவோமே அதே போல, மெதுவாகத் தலையை ஆட்டினாள்.