கொழும்பு ஊக்கு

யுத்த காலத்தில் தூத்துக்குடிப் பஞ்சாலை ஒன்றில் பஞ்சு பொறுக்கும் வேலை பார்த்தேன். பொதியைப் பிரித்து, அதில் கிடக்கிற கல், கொட்டை, பொதி கட்டிய தகட்டுத் துண்டு எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் பஞ்சை மிசினுக்குள் தள்ள வேண்டும். உள்ளே இரும்புத் தடிகள் சுழன்று பஞ்சை அடிக்கும். ஒரு ஆணி போனால் போதும், பொறி பறந்து பஞ்சு பற்றிக்கொள்ளும்.

என் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்று எனக்குக் கர்வம். பொறுக்கிப் போடுகிற தகரடப்பா என்னுடையதுதான் முதலில் நிறையும். பக்கத்தில் நின்றவள் என் தெருக்காரி. புருஷன் செத்துப்போய், அவள் கூலியில்தான் இரண்டு பிள்ளைகள் சாப்பிட்டன. கொஞ்சம் நிதானமானவள். “கண்ணு என்ன பொடதியிலயாளா இருக்கு?” என்று பிடரியைத் தொட்டுக் காட்டி அவளை எத்தனையோ தரம் ஏசியிருக்கிறேன்.

ஒருநாள் மத்தியானம் மிசினில் தீப்பிடித்தது. மணலை வாரிக் கொட்டி அணைத்தோம். அதற்கு முன்பே இரண்டு முறை பிடித்திருந்ததால் மேஸ்திரிக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. கடைசியாகப் பஞ்சு தள்ளியவள் என் தெருக்காரி.

“ஏளா, நாளையிலருந்து நீ வராண்டாம்” என்றார்.

அவள் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு நின்றாள்.

கரியை அள்ளுகிற வேலை எனக்கு விழுந்தது. தடிகளுக்கு அடியில் கறுத்துப்போய் ஒரு ஊக்கு கிடந்தது. பொதியில் கல் வரும், தகடு வரும்; ஊக்கு எப்படி வரும்? எங்கள் கழுத்திலிருந்துதான். முள் எடுக்க, கிழிந்த ரவிக்கையைப் பிடித்து வைக்க என்று ஆளுக்கு இரண்டு மூன்று ஊக்கைத் தாலிக்கயிற்றில் மாட்டியிருப்போம். பொதியைச் சோதித்தோமே தவிர எங்களைச் சோதித்ததில்லை. தெருக்காரி கழுத்திலோ கயிறே கிடையாது.

ஊக்கு பெரிது. கொழும்பிலிருந்து என் அண்ணன் கொண்டுவந்தது. அந்த அளவில் வேறு யாரிடமும் இல்லை. கழுத்தைத் தடவினேன். சின்னது இரண்டுதான் அகப்பட்டது.

கரியோடு கொட்டிவிட நினைத்தேன், மறைப்பானேன். எனக்கு வேலை போனாலும் என் வீட்டில் அடுப்பு எரியும். அவள் வீட்டில் எரியாது. அதை நினைத்ததும் வெட்கமாகப் போய்விட்டது. மேஸ்திரியிடம் ஊக்கை நீட்டினேன்.

“அண்ணாச்சி, இது எங்கழுத்துல கெடந்தது. அவ மேல குத்தமில்ல.”

“ஊரையே கொற சொல்லுத வாயி” என்றார் அவர்.

பதினைந்து நாள் என்னை நிறுத்திவைத்தார்கள். திரும்பிப் போனபோது வாசலில் ஒரு பலகை, அது நிறைய ஊக்குகள். கழற்றி மாட்டிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். தாலியில் கிடப்பதைக் கழற்றுவதா என்று சிலர் சண்டைக்கே போனார்களாம். கழுத்தைச் சோதித்து அனுப்ப ஆள் போட்டிருந்தார்கள். என் தெருக்காரி.

நான் ஒரு ஊக்கைக் கழற்றி மாட்டிவிட்டு, சிரித்துக்கொண்டே தாண்டப் போனேன். அவள் கையை நீட்டி மறித்தாள்.

“நில்லுளா. கழுத்தக் காட்டு.”

“நாந்தாம்ளா.”

“தெரியுது. காட்டு.”

கயிற்றை முழுக்கத் தடவிப் பார்த்தாள். அது சுழன்று, இன்னொரு ஊக்கு பிடரிப் பக்கம் போயிருந்தது. அதைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தாள்.

“பொடதியிலயும் கண்ணு வேணும் போலருக்குளா” என்றாள்.

அந்த ஊக்கையும் பலகையில் மாட்டிவிட்டு உள்ளே போனேன்.