ஞாயிறா, அமாவாசையா

எங்கள் நான்கு பேருக்கும் சேர்ந்தாற்போல் ஓய்வு கிடைப்பது அபூர்வம். அரிசி மண்டியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த எனக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு. பட்டுத்தறி நெய்கிற நண்பனுக்கு ஞாயிறும் செவ்வாயும் ஒன்றுதான். அமாவாசையன்றுதான் தறிக்குழியை விட்டு எழுந்திருப்பான். தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவனுக்கு முதலாளி எந்த நாளைக் கொடுக்கிறாரோ அந்த நாள். நான்காமவனுக்கு மட்டும் எல்லா நாளும் லீவு. அவன் வீட்டை விட்டு வெளியே போக முடியாதவன்.

நால்வரும் ஆரணியில் ஒரே வகுப்பில் படித்தவர்கள். கடைசி வருஷம் அந்த நான்காமவன் பள்ளிக்கூடத்து மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்து இழுத்து இழுத்து ஏறினான். சோம்பேறி என்று வாத்தியார் திட்டினார். அப்புறம் வேலூர் ஆஸ்பத்திரியில் பார்த்து, சதை வற்றிக்கொண்டே போகிற நோய் என்றும் அதற்கு மருந்து இல்லை என்றும் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதை யாராலும் அவனிடம் மறைக்க முடியவில்லை. அவனே டாக்டரிடம் இங்கிலீஷில் கேட்டுத் தெரிந்துகொண்டான். முதலில் கால்கள் போயின. பிறகு ஜன்னல் ஓரம் கட்டில் என்று ஆயிற்று.

எண்பதுகளின் தொடக்கத்தில், கப்பலில் வேலை பார்த்த அவனுடைய அக்கா புருஷன் வெளிநாட்டிலிருந்து ஒரு பெட்டி கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே தடித்த இங்கிலீஷ் புத்தகமும் விசித்திரமான பகடைகளும் இருந்தன. ஒன்று கூம்பாக இருந்தது. ஒன்றுக்கு இருபது முகம். புத்தகத்தை அவன் வாரக்கணக்கில் படித்தான். பிறகு எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தான்.

"பலகை எங்கடா? காயெல்லாம் எங்க?" என்றான் நெசவுக்காரன்.

"பலகை கெடையாது. காய் நீதான்."

"இன்னாடா சொல்றே?"

"நான் ஒரு கதை சொல்லிகினு வருவேன். நீங்க மூணு பேரும் அதுக்குள்ள இருக்கறவங்க. ஒரு ஆறு வருதுன்னு நான் சொன்னா, நீஞ்சறியா, திரும்பிப் போறியா, நீதான் சொல்லணும். நீஞ்சறேன்னா இந்தப் பகடைக் கட்டைய உருட்டணும். கரை ஏறினியா இல்லியான்னு அது சொல்லும்."

"ஜெயிக்கிறது யாரு?" என்று கண்டக்டர் கேட்டான்.

"யாரும் ஜெயிக்கமாட்டாங்க. கதை போய்க்கினே இருக்கும். அதான் ஆட்டம்."

புத்தகத்தில் இருந்த வெள்ளைக்காரக் கோட்டைகளையும் பூதங்களையும் அவன் தூக்கிப்போட்டுவிட்டான். அவன் கதை ஜவ்வாது மலைக்குள் நடந்தது. பெயர் தெரியாத ஒரு காலம், ஊர் ஊராகப் படை போகிற பாதை, அதன் கடைசியில் நாங்கள் போய்ச் சேர வேண்டிய ஒரு கோட்டை. ஆளுக்கு ஒரு வேஷம் எடுத்துக்கொள்ளச் சொன்னான். நாளெல்லாம் குழிக்குள் கால் தொங்கவிட்டு உட்கார்ந்திருக்கிற நெசவுக்காரன் குதிரைத் திருடன் ஆனான். பஸ்ஸுக்குள் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போன கண்டக்டர், யாரோடும் பேசாமல் காட்டில் திரிகிற வேட்டைக்காரன். நான் வைத்தியன். ஏன் அதைக் கேட்டேன் என்று அவன் என்னிடம் கேட்கவில்லை.

ஆட்டத்தைத் தொடர்ந்து ஆட வேண்டும் என்பது அவனுடைய ஒரே நிபந்தனை. நடுநடுவே விட்டால் கதை செத்துப்போகும் என்றான். மூவரும் தலையை ஆட்டினோம். கண்டக்டர் எல்லாவற்றுக்கும் "ரைட்" என்றுதான் சொல்வான். அப்போதும் சொன்னான்.

அவர்களை அங்கே கொண்டுவந்து சேர்ப்பது என் வேலை ஆயிற்று. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு சைக்கிளை எடுப்பேன். நெசவுக்காரன் வீட்டில் தறிச் சத்தம் தெருவுக்கே கேட்கும். "முகூர்த்தப் பொடவைங்க. பொடவ கேட்டவரு வந்து உள்ளயே குந்திகினு இருக்காரு. தறியிலேந்து அறுத்துக் குடுத்துட்டுதான் இவரு எழுந்துப்பாரு," என்பாள் அவன் மனைவி. பஸ் ஸ்டாண்டுக்குப் போனால் கண்டக்டர் படிக்கட்டில் தொங்கிக்கொண்டிருப்பான். "ஒரே ஒரு ட்ரிப்புடா. போளூர் போய்ட்டு ஜல்தியா வந்துட்றேன். நீங்க ஆரம்பிங்க!" விசில் ஊதிவிடுவான். அந்த ட்ரிப்பிலிருந்து அவன் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை.

சரி, அமாவாசைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று பார்த்தோம். நெசவுக்காரன் வந்தான், நான் மண்டியில் பொய் சொல்லிவிட்டு வர வேண்டியிருந்தது. கண்டக்டருக்கு அன்று மேல்மலையனூர் கோயில் கூட்டம், ஸ்பெஷல் பஸ். அதற்கடுத்த அமாவாசையில் கண்டக்டர் வந்தான். நெசவுக்காரன் குலதெய்வம் கோயிலுக்குப் போய்விட்டான். ஒவ்வொரு முறையும் கட்டிலில் இருந்தவனின் அம்மா எல்லோருக்கும் என்று வடை சுட்டு வைப்பார். மிஞ்சியதை எனக்குப் பொட்டலம் கட்டிக் கொடுப்பார்.

வராதவர்களை அவன் கதைக்குள்ளேயே பத்திரமாக வைத்துக்கொண்டான். "குதிரைக்காரனுக்குக் காய்ச்சல். சத்திரத்துல படுத்துகினு இருக்கான். நீ மட்டும் போ," என்பான். எனக்கு ஒருநாள் கோபம் வந்துவிட்டது.

"செத்துட்டான்னு சொல்லுடா. அப்பதான் அவனுக்கு உறைக்கும். பேஜாரா இருக்குது எனக்கு, வாரா வாரம் வூடு வூடா போய்."

அவன் என்னையே பார்த்தான். "வராதவனக் கொன்னுட்டா, நாளிக்கி வந்தா எங்கடா உக்காருவான்?"

ஒரு ஞாயிறும் அமாவாசையும் ஒரே நாளில் வந்தன. என்ன அதிசயமோ, கண்டக்டருக்கும் அன்று ஓய்வு. மூன்று பேரும் ஒன்றாக உள்ளே நுழைந்தபோது கட்டிலில் இருந்தவன் சிரிக்கக்கூட இல்லை. "ஒக்காருங்க, ஒக்காருங்க, மழை வரப்போவுது," என்று நேராகக் கதைக்குள் போய்விட்டான். அன்று கதையில் ஆறு பொங்கியது. அக்கரையில் பகைவர் படை. குதிரையை வெள்ளத்தில் இறக்குவேன் என்று நெசவுக்காரன் பிடிவாதம் பிடித்தான். கட்டையை உருட்டினான், போதவில்லை. குதிரையை வெள்ளம் இழுத்துக்கொண்டு போகிறது என்றான் கதை சொல்கிறவன். பேசாத வேட்டைக்காரனாக இருக்க வேண்டிய கண்டக்டர் எழுந்து நின்று, "கயிறு! எங்கிட்ட கயிறு இருக்குதுடா! புடிச்சிக்கடா!" என்று தெருவே கேட்கக் கத்தினான். அவன் உருட்டியதில் இருபது விழுந்தது. நாங்கள் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர் என்னவோ ஏதோ என்று ஓடி வந்தார். கட்டிலில் கிடந்தவனுக்கு மூச்சு வாங்கியது. முகமெல்லாம் வேர்த்திருந்தது. அவ்வளவு சந்தோஷமாக அவனை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை.

கிளம்பும்போது, இனி ஒரு வாரமும் தவறாது என்று இருவரும் அவன் கையில் அடித்துச் சத்தியம் செய்தார்கள். பொய்யாகச் செய்யவில்லை, அந்த நேரத்தில் அதை முழுதாக நம்பினார்கள். ஆனால் நெசவுக்காரனுக்கு இரண்டாவது குழந்தை பிறந்தது. மாமனார் கூப்பிட்டார் என்று குடும்பத்தோடு சேத்துப்பட்டுப் பக்கம் போய்விட்டான். கண்டக்டருக்குப் பெங்களூர் ரூட் கிடைத்தது. முதலில் ஆள் மூலம் சொல்லி அனுப்பினார்கள், அடுத்த மாதம் கட்டாயம் என்று. பிறகு அதுவும் நின்றது.

நான் மட்டும் போய்க்கொண்டிருந்தேன். அப்போது அவன் கைகளும் போய்விட்டன. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நல்ல வெயில், நான் போய் உட்கார்ந்ததும் அவன் சொன்னான்:

"இன்னிக்கி நீ கதை சொல்லு. நான் ஆடறேன்."

"எனக்கு வராதுடா."

"வரும். எனக்கு ஒண்ணும் பெரிசா வேணாம். ஆரணிலேந்து போளூர் வரைக்கும் நான் நடந்து போறேன். வழியில என்னா இருக்குதுன்னு மட்டும் சொல்லிகினே வா."

சொல்ல ஆரம்பித்தேன். நான் சைக்கிளில் எத்தனையோ முறை போன ரோடு. புளியமரங்கள், இரண்டு பக்கமும் நெல் வயல், பம்புசெட்டு. நான் வேகமாகச் சொன்னால், "இரு, இரு, நடக்கறேன்ல, ஓடலியே," என்பான். பம்புசெட்டுத் தொட்டியில் முகம் கழுவ வேண்டும் என்றான். தண்ணீர் எப்படி இருக்கிறது என்று கேட்டான். சில்லென்று இருக்கிறது என்றேன். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வரப்பில் நடப்பதாகச் சொன்னான். களம்பூரில் ரயில்வே கேட் மூடியிருந்தது. நின்று ரயிலைப் பார்த்தான்.

"கால் வலிக்குதாடா?" என்று கேட்டுவிட்டேன். கதைக்காகத்தான் கேட்டேன்.

"உருட்டிப் பாரு," என்றான்.

பகடையை அவன் உள்ளங்கையில் வைத்து, கையை நானே சாய்த்தேன். பெரிய எண்ணாக விழுந்தது. "வலிக்கல," என்றான். போளூர் மலை தெரிகிற இடம் வந்தபோது கண்ணை மூடியிருந்தான். தூங்கிவிட்டான் என்று நினைத்து நிறுத்தினேன். "அப்புறம்?" என்றான்.

அடுத்த கோடைக்குள் அவன் இறந்துவிட்டான். ஒரு புதன்கிழமை விடியலில் மூச்சு நின்றது.

அன்றைக்கு இரண்டு பேரும் வந்தார்கள். நெசவுக்காரன் சேதி எட்டியதும் சேத்துப்பட்டிலிருந்து கிடைத்த பஸ்ஸில் வந்தான். கண்டக்டர் டியூட்டியை விட்டுவிட்டு யூனிஃபாரத்தோடு வந்தான். யாரும் போய்க் கூப்பிடவில்லை, யாருக்கும் வேலை இல்லை. நாங்கள்தான் பாடை தூக்கினோம். தோளில் பாரமே தெரியவில்லை, அவ்வளவு இளைத்திருந்தான். சுடுகாட்டிலிருந்து திரும்பி ஆற்று மணலில் உட்கார்ந்தபோது கண்டக்டர் மண்ணைப் பார்த்துக்கொண்டு சொன்னான்:

"இருக்கான்தானே, எங்க போயிடப்போறான், அப்புறம் போலாம்னு நெனச்சிகினே இருந்துட்டேன்டா."

நெசவுக்காரன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். எனக்கு அவர்கள் மேல் இருந்த கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

காரியம் முடிந்து சில நாள் கழித்து அவன் அம்மாவைப் பார்க்கப் போனேன். கட்டிலை எடுத்துவிட்டிருந்தார்கள். அம்மா காபி கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"ஒண்ணு கேக்கணும்பா ஒன்ன. அந்த ஆளுங்கள்லாம் என்னா ஆனாங்க?"

"எந்த ஆளுங்கம்மா?"

"அதாம்பா, அந்த மலைக்குள்ள போனாங்களே. அடுப்புக்கிட்ட இருந்தாலும் எனக்குக் காது அங்கதான் இருக்கும். கோட்டைக்குப் போய்ச் சேந்தாங்களா? ஒங்கிட்ட சொன்னானா?"

அவன் சொல்லியிருக்கவில்லை. முடிவு என்று ஒன்று அவனிடம் இருந்ததா என்றே எனக்குத் தெரியாது. அதை அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தார்கள், கதவு திறந்திருந்தது, ராஜா நிலம் கொடுத்தார் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு மெதுவாகத் தலையை ஆட்டினார்.

"இல்லப்பா. அவன் இப்படிச் சொல்லமாட்டான். கதவ மூடித்தான் வச்சிருப்பான். ஒங்கள யோசிக்க வுட்டுட்டு சிரிச்சிகினு இருப்பான்."

"ஆமாம்மா," என்றேன்.

"நீ என்னா பண்ணியிருப்ப?"

யோசித்தேன். நிஜமாகவே யோசித்தேன். சுவர் ஏறுவேன் என்றேன். எந்தப் பக்கத்துச் சுவர் என்று கேட்டார். தெருவில் வெயில் சாயும்வரை அம்மாவும் நானும் அந்தக் கோட்டை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தோம். எழுந்தபோது, அடுத்த ஞாயிறும் வா என்றார். போனேன். அதற்குப் பிறகும் சில ஞாயிறுகள் போனேன். பிறகு கப்பலில் வேலை பார்த்த அக்கா புருஷன் வெம்பாக்கத்தில் வீடு கட்டி முடித்தார்; அக்கா வந்து அம்மாவை அழைத்துக்கொண்டு போய்விட்டாள்.